விக்டோரியா ஏரிக்கரையில் இரண்டு வாரம்: ஒரு தன்னார்வப் பயணத்தின் நாட்குறிப்பு

மே 14, 2025, புதன் – கிண்டி, சென்னை

ஜூன் இறுதியில்தான் பயணம் என்றாலும், நாட்குறிப்பை இந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறேன். கென்யாவில் இரண்டு வாரமும் நலமாக இருந்தோம் என்றால், அதற்கான வேலையில் பாதிக்கு மேல் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிந்திருந்தது.

மதுரையில் கண் பரிசோதகராக இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு நகரைச் சுற்றிய பள்ளிகளில் பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று தெரிந்ததும், எங்கள் மருத்துவமனையின் இளம் செவிலியர் ஒருவரும் நானும் விடுப்பு எழுதிக் கொடுத்தோம். அவர் என்னை அக்கா என்று அழைப்பவர், அதனால் இனி இந்தக் குறிப்பில் அவர் தங்கைதான். நேற்று இரவு பாண்டியனில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றோம்.

இந்த ஊசியைக் கென்யா நம்மிடம் கேட்பதில்லை, திரும்பி வரும்போது இந்தியாதான் கேட்கிறது. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் வீட்டுப் பூந்தொட்டியிலும் உரலிலும் இருக்கிறது. நோய் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பரவுவதற்கு எல்லாம் தயாராக இருக்கும் நாடு என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்த அட்டை செல்லும், அதன்பிறகு ஆயுள் முழுவதற்கும் செல்லும். கடைசி வாரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் சிக்கல்தான். முட்டை ஒத்துக்கொள்ளுமா, வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அங்கிருந்த அம்மா ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தார்.

ஜூன் 8, ஞாயிறு – மதுரை

முதலில் நாங்கள் தொடர்புகொண்டது வேறு ஓர் அமைப்பை. பெரிய தொகையைக் கட்டணமாகக் கேட்டார்கள், அதைக்கூடத் தவறென்று சொல்ல மாட்டேன். அங்கே எங்களை மேற்பார்வை செய்யப்போவது யார், நாங்கள் கண்டறியும் குறைக்கு அடுத்த சிகிச்சையை யார் தருவார்கள் என்று கேட்டபோது இரண்டுக்கும் பதில் இல்லை. அதற்குப் பதிலாக, வார இறுதியில் ஓர் அனாதை இல்லத்துக்கு அழைத்துப்போய்ப் பிள்ளைகளோடு விளையாட வைப்பதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் மடியில் தூக்கி வைத்துவிட்டு மூன்றாம் நாள் காணாமல் போகும் அந்நியர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. வருகையாளர்களின் பணத்துக்காகவே நடத்தப்படும் இல்லங்களும் உண்டு. புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை 2017இலேயே கென்ய அரசு நிறுத்தி வைத்தது. அந்த அமைப்பு வேண்டாம் என்று எழுதிவிட்டோம்.

இப்போது எங்களை அழைத்திருப்பது கிசுமுவில் உள்ள சிறிய கண் மருத்துவ நிலையம். எங்கள் வேலையின் எல்லையை முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். பார்வையை அளக்கலாம், பதிவேட்டில் எழுதலாம், ஆனால் மருந்து எழுதவோ நோய் இன்னதென்று முடிவு சொல்லவோ கூடாது. அதற்கு அங்கே கண் நோய்களுக்கென்றே பயிற்சி பெற்ற க்ளினிக்கல் ஆபீசர் இருப்பார். அதற்கேற்ற அனுமதிக் கடிதத்தையும் அவர்களே வாங்கி வைத்தார்கள். சுற்றுலா என்று எழுதி நுழைந்துவிட்டு வேலை செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஏதாவது விபரீதம் நடந்தால் நம்மை அழைத்தவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள்.

ஏரிக்கரைப் பகுதி கென்யாவிலேயே மலேரியா மிகுந்த இடம், அதுவும் மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழை ஓய்ந்த பிறகு வரும் மாதங்கள் மோசம். பழைய குளோரோகுயின் அங்கே பலிக்காது என்று சொல்லி, எங்கள் மருத்துவர் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். ஊர் போவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, அங்கே தினமும் ஒன்று, திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். அந்தக் கடைசி நான்கு வாரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள் என்றார். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும் என்பதையும் சொல்லிவைத்தார்.

காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்துகளை என் கணவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். இரு சக்கர வாகனத்தில் போய் அடிபட்டால் பணம் கிடையாது என்ற வரி அதில் இருந்தது. கென்யாவில் எங்கு பார்த்தாலும் போடா போடா என்னும் மோட்டார் சைக்கிள் வாடகை வண்டிகள்தாம் என்று கேள்விப்பட்டிருந்ததால், அதில் ஏறவே போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தோம். கடவுச்சீட்டு நகல், ரத்த வகை, நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, இருவர் பையிலும் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்தோம்.

ஜூன் 29, ஞாயிறு – நைரோபி வழியாகக் கிசுமு

நைரோபி விமான நிலையத்தில் முதல் தடுமாற்றம். தங்கையின் அம்மா முறுக்கையும் பருப்புப் பொடியையும் நான்கு நெகிழிப் பைகளில் கட்டிக் கொடுத்திருந்தார். நெகிழிப் பைகளுக்கு அந்த நாட்டில் 2017 ஆகஸ்ட் 28 முதல் தடை, மீறினால் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதமோ நான்காண்டு வரை சிறையோ உண்டு. கையில் இருந்த பைகளைப் பார்த்த காவலர் அதட்டவில்லை. ஒரு தொட்டியைக் காட்டி, பொருளை எடுத்துக்கொண்டு பையை மட்டும் இதில் போட்டுவிடுங்கள் என்றார். நல்லவேளையாக நான் இரண்டு மஞ்சப்பை கொண்டு போயிருந்தேன், முறுக்கு அதில் இடம் மாறியது.

அங்கிருந்து கிசுமுவுக்குச் சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரம். ஊர் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. கொதிக்கும் என்று எண்ணிப் போன எங்களைக் கொடைக்கானல் அடிவாரம் போன்ற மாலைக் காற்று வரவேற்றது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நூறு மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் அப்படி. எங்களுக்குப் பொறுப்பான அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வயதில் மூத்த பெண்களை அங்கே மாமா என்றுதான் அழைக்க வேண்டும். தாயைக் குறிக்கும் அந்தச் சொல்லை ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்ல எங்கள் நாக்குக்கு இரண்டு நாள் பிடித்தது.

மாமா சொன்ன முதல் விதி, ஆறரை மணிக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது என்பது. நிலநடுக்கோட்டு ஊர்களில் அந்தி என்று நின்று நிதானிக்கும் பொழுது கிடையாது. சூரியன் விழுந்தால் இருபது நிமிடத்தில் கும்மிருட்டு.

ஜூன் 30, திங்கள் – கிசுமு

இரவு உறக்கம் இல்லை. கட்டில்மேல் கொசுவலை இருந்தது, நல்ல வலைதான், ஆனால் படுத்த பிறகு காதருகே ரீங்காரம் கேட்டது. கைவிளக்கை அடித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தபோது, தலைமாட்டுப் பக்கம் ஐம்பது பைசா அளவில் ஓர் ஓட்டை தென்பட்டது. பையிலிருந்த ஊசி நூலை எடுத்து, தங்கை விளக்கைப் பிடிக்க, இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து தைத்தேன். மலேரியாக் கொசு கடிப்பது பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும் இடையில், அதாவது நாம் அசந்து தூங்கும் வேளையில். காலையில் வலையின் உள்பக்கத்தில் ஒரு கொசு ரத்தம் குடித்த வயிற்றோடு உட்கார்ந்திருந்தது. யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. அன்று முதல் வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகி, விளக்கடித்துச் சரிபார்த்த பிறகுதான் படுத்தோம்.

சாப்பாடு எங்களுக்கு அந்நியமாக இல்லை. உகாலி என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் களி. பிசைந்து உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளி உண்கிறார்கள். கீரைக்குச் சுகுமா விக்கி என்று பெயர், வாரத்தைத் தள்ளு என்று பொருள். சம்பளம் வரும் நாள்வரை வீட்டை ஓட்டும் கீரை என்பதால் வந்த பெயராம். தேநீரைப் பாலும் தூளும் ஒன்றாகப் போட்டு நம்மைப் போலவே கொதிக்க வைக்கிறார்கள். சப்பாத்தி 30 ஷில்லிங், நம் பணத்தில் இருபது ரூபாய். சாப்பிட உட்கார்ந்தவுடன் ஒருவர் செம்பும் கிண்ணமுமாக நம்மிடம் வந்து கையில் வெந்நீர் ஊற்றுகிறார். சிறிய உணவகத்திலும் இந்த வழக்கம் இருப்பதைக் கண்டபோது, வயிற்றைப் பற்றி எனக்கிருந்த பயத்தில் பாதி போயிற்று. மீதிப் பயத்துக்குக் கொதிக்கவைத்த தண்ணீரும், தோல் உரிக்க முடியாத பழத்தை மறுப்பதும் போதுமானவையாக இருந்தன.

ஜூலை 2, புதன் – நகருக்கு வெளியே ஒரு பள்ளி

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பள்ளி. நண்பகல் வெயிலிலும் பிள்ளைகள் சீருடையின்மேல் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. நாற்பது குரல் சேர்ந்து ஆங்கிலத்தில் நலம் விசாரித்தது.

மரத்தடியில் தரையில் கயிறு வைத்து அளந்து எழுத்தட்டையைக் கட்டினோம். ஏறத்தாழ நூறு பிள்ளைகளைப் பார்த்தோம். பத்து வயதுப் பையன் ஒருவன் கடைசி வரிவரை தங்குதடையின்றிச் சொன்னான். வரிசையில் நின்றபோது அவன் உதடு அசைந்துகொண்டே இருந்ததை நான் கவனித்திருந்தேன். எழுத்தட்டையை எடுத்துவிட்டு, மூன்று கால் உள்ள குறியை மேலும் கீழும் திருப்பிக் காட்டும் அட்டையைக் கையில் எடுத்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். முன்னால் இருந்தவர்கள் சொன்னதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான், பாவம். தோற்றுவிட்டால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஆசிரியை அவன் தோளில் கைவைத்து அந்தப் பகுதி மக்களின் லுவோ மொழியில் ஏதோ சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. மதுரையிலும் மேலூர்ப் பக்கப் பள்ளிகளில் இதையே பார்த்திருக்கிறேன்.

தங்கை அந்தப் பையனைப் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியபோது க்ளினிக்கல் ஆபீசர் மெல்லக் கையை உயர்த்தித் தடுத்தார். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளைப் படம் எடுப்பதில்லை என்பது அவர்கள் நிலையத்தின் விதி. இந்தப் பதிவில் படங்கள் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

கல்லில் இடறி நான் தடுமாறியபோது, அந்தப் பக்கம் போன முன்பின் தெரியாத பெண் நின்று “போலே, மாமா” என்றார். அடி பட்டவரிடம் வருத்தம் தெரிவிக்கும் சொல் அது. தன்மேல் குற்றமே இல்லாதபோதும் சொல்கிறார்கள். இந்த நாட்டு மக்களிடமிருந்து ஒன்றை மட்டும் ஊருக்கு எடுத்துப் போகலாம் என்றால், இந்தப் போலேயைத்தான் எடுத்துப்போவேன்.

ஜூலை 4, வெள்ளி – கிசுமு

தங்கை நேற்று இரவு களைப்பில், படுக்கையில் சாய்ந்தபடியே ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உறங்கிவிட்டாள். டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் புண்ணாக்கிவிடும். விடியற்காலை நெஞ்சுக்கு நடுவில் கத்தி செருகியதுபோல் வலி என்று எழுந்து உட்கார்ந்தாள். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. “அக்கா, நெஞ்சுவலியாக இருக்குமோ?” என்று அவள் கேட்டபோது இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அது இருக்காது என்று தெரிந்தும் என் கை நடுங்கியது. நிலையத்து மருத்துவர் பார்த்துவிட்டு, இரண்டு நாளுக்குக் குளிர்ந்த கஞ்சியும் ஒரு மருந்தும் போதும் என்றார். மாத்திரையை நிறுத்தக்கூடாது. காலை உணவுக்குப் பிறகு முழுக் குவளைத் தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். செவிலியராக இருந்து நூறு பேருக்குச் சொன்ன அறிவுரையைத் தானே மறந்தேனே என்று அவள் அழுதாள். களைப்பு யாரையும் அப்படி ஆக்கிவிடும். இரவு மாத்திரை என்பதையே அன்றோடு கைவிட்டோம்.

ஜூலை 5, சனி – டுங்கா கடற்கரை

கடற்கரை என்று பலகை சொன்னாலும் இது ஏரி. பரப்பில் 68,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். படகுத்துறைக்குப் போனவுடன் நாங்கள் கண்டது ஆகாயத்தாமரை. வைகையிலும் நம் கண்மாய்களிலும் அடைத்துக் கிடக்கும் அதே செடி, அதே ஊதாப் பூ, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சைப் பாயாக விரிந்து மீனவர் படகுகளைக் கரையிலேயே கட்டிப்போட்டிருந்தது. தென் அமெரிக்காவின் செடி, நம் ஊரையும் அவர்கள் ஊரையும் ஒருசேரப் பிடித்திருக்கிறது.

“அக்கா, காலை மட்டும் நனைத்துக்கொள்ளட்டுமா?” என்று தங்கை செருப்பைக் கழற்றிவிட்டாள். எங்களுக்குப் பின்னால் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் எழுந்தே வந்துவிட்டார். தண்ணீரில் உள்ள சிறு நத்தைகளிலிருந்து வெளிவரும் புழு, காலில் புண் எதுவும் இல்லாவிட்டாலும் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். பில்ஹார்சியா என்னும் அந்த நோய் வாரக்கணக்கில் வெளியே தெரியாது. அந்த நத்தைகள் ஒண்டியிருப்பதும் இந்த ஆகாயத்தாமரைக்கு அடியில்தான். நீர்யானைகளும் செடியோடு செடியாக நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது என்று கூடுதலாகச் சொன்னார். அவருடைய கணுக்கால்களைப் பார்த்தேன், நாள் முழுவதும் அந்தத் தண்ணீரில் நின்று பிழைத்த கால்கள். நாங்கள் விரும்பினால் தவிர்த்துக்கொள்ளலாம், அவருக்கு அந்த வசதி இல்லை. தனக்குக் கிடைக்காத பாதுகாப்பை முன்பின் தெரியாத எங்களுக்கு எழுந்து வந்து சொன்ன அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

மதியம் கரையோரக் கடையில் முழுத் திலாப்பியா மீன், எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, தக்காளிச் சாறு ஊற்றி, உகாலியோடு 600 ஷில்லிங், ஏறக்குறைய 400 ரூபாய். இருவருக்குப் போதும். தங்கை கஞ்சி குடித்தபடி எனக்கு முள் எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு – கிபுயே சந்தை

இன்று நடந்ததுதான் இந்தப் பயணத்திலேயே எங்களைக் கலங்கடித்தது.

கிபுயே சந்தை ஞாயிற்றுக்கிழமை விரிவது போல் மற்ற நாளில் விரிவதில்லை. துணி, வாழைத்தார், தகரப் பெட்டி, ஒமேனா என்னும் சிறு மீன் கருவாடு. நம் நெத்திலியைப் போலவே குவித்து, டப்பாவால் அளந்து விற்கிறார்கள். காலையில் எங்களை இறக்கிவிட்ட நிலையத்து ஓட்டுநர், திரும்ப அழைத்துப்போக வரும் நேரத்தை ஸ்வாஹிலியில் எழுதிக் காட்டினார்: ஸா சித்தா. சித்தா என்றால் ஆறு என்று எங்களுக்குத் தெரியும். மாமா சொன்ன ஆறரை மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நிம்மதியாகத் தலையாட்டினோம்.

ஆறு மணிக்கு அங்கே யாரும் வரவில்லை. முந்தின இரவு மின்சாரம் இல்லாததால் கைப்பேசி மதியத்துக்கு முன்பே அணைந்திருந்தது. கடைகளைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆறேகால், ஆறரை. போடா போடா ஓட்டுநர்கள் இரண்டு மூன்று பேர் வந்து கூப்பிட்டார்கள், தலைக்கவசம் இல்லை, வண்டிக்கு இருவராக ஏறச் சொன்னார்கள். தங்கை ஒரு வண்டியில் கைவைத்தே விட்டாள். எனக்குக் காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்து நினைவில் வந்ததைவிட, அவளுடைய அம்மாவின் முகம்தான் வந்தது. வேண்டாம்மா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

கருவாட்டுக்கார அம்மா ஒருவர் நெடுநேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அருகே அழைத்து, கவிழ்த்த வாளியின்மேல் உட்காரவைத்து, என்ன என்று கேட்டார். ஸா சித்தா என்ற தாளை நீட்டியதும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு “போலே சானா” என்றார். அவர்களுடைய கடிகாரம் சூரியன் எழும்போது தொடங்குகிறது. காலை ஏழு மணி என்றால் ஒரு மணி, நடுப்பகல் பன்னிரண்டு என்றால் ஆறு மணி. ஓட்டுநர் நண்பகலில் வந்து, இரண்டு மணி நேரம் சந்தை முழுவதும் எங்களைத் தேடியிருக்கிறார். நம் பஞ்சாங்கமும் நாழிகையை உதயத்திலிருந்துதான் எண்ணுகிறது. எங்கள் பாட்டி, உதயம் கழிந்து பத்து நாழிகை என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன், இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த அம்மா தன் கைப்பேசியிலிருந்து, எங்கள் தாளில் இருந்த எண்ணுக்கு மாமாவை அழைத்தார். வருகிற டுக்டுக் எதிலும் ஏறவிடாமல், தனக்குத் தெரிந்த பையனை வரவழைத்து, வண்டி எண்ணை மாமாவிடம் படித்துக் காட்டிய பிறகே எங்களை ஏற்றினார். டுக்டுக் என்பது நம் ஆட்டோதான், பஜாஜ் என்று முன்னால் எழுதியிருந்தது. 250 ஷில்லிங். அழைப்புக்குப் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்தார், அரை டப்பா ஒமேனாவை வாங்கிக்கொண்டோம். எரோகமானோ என்று லுவோ மொழியில் நன்றி சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார்.

வாசலில் விளக்கோடு மாமா நின்றிருந்தார். திட்டவில்லை. இதுவே நாளைக்கு நடந்திருந்தால் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 7, திங்கள் – அறைக்குள்

நாளை என்று அவர் அஞ்சியதன் பொருள் இன்று விளங்கியது. ஏழாம் மாதம் ஏழாம் தேதி, ஸாபா ஸாபா. பல கட்சி ஆட்சிமுறை கேட்டு 1990இல் மக்கள் தெருவில் இறங்கிய நாள். சென்ற ஆண்டு வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்ததிலிருந்து இந்தப் போராட்ட நாட்கள் கனத்துவிட்டன. இரு வாரத்துக்கு முன் ஜூன் 25 அன்றும் உயிர்கள் போயிருக்கின்றன.

நாங்கள் பள்ளிக்குப் போகவில்லை. எங்கள் தெருவில் கடைகள் திறக்கவில்லை. நைரோபிக்குள் நுழையும் சாலைகளைக் காவல்துறை அடைத்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. மாமா முந்தின வாரமே அரிசி, தண்ணீர், மெழுகுவத்தி எல்லாம் வாங்கி வைத்திருந்தார். வெளிநாட்டவர் கூட்டத்தை வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ போகக்கூடாது, அரசியல் பற்றிக் கேட்டால் கேட்டுக்கொள்ளலாம், கருத்துச் சொல்லக்கூடாது என்பது அவர் விதி. தங்கை அன்றைக்கு உளுந்து இல்லாததால் பருப்பு வடை சுட்டாள். மாமாவின் பேரன் ஒன்பது வடை சாப்பிட்டான்.

பகல் முழுவதும் பதிவேடுகளைச் சரிபார்த்தோம். அதுவரை பார்த்த பிள்ளைகளில் கண்ணாடி தேவைப்படுவோரைத் தனியாகப் பிரித்து எழுதினோம்.

ஜூலை 9, புதன் – மருத்துவ நிலையம்

காலையில் எழுந்தபோது எனக்கு உடம்பு கொதித்தது. 38.6 டிகிரி, வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. வயிற்றுக் கோளாறுதான், படுத்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னதை க்ளினிக்கல் ஆபீசர் ஏற்கவில்லை. மலேரியாக் கொசு கடித்து நோய் தெரியக் குறைந்தது ஏழு நாள் ஆகும், நீங்கள் வந்து பத்து நாள் ஆயிற்று, தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கும் வரலாம், ஆகவே இந்தக் கரையில் காய்ச்சல் என்றால் முதலில் ரத்தச் சோதனை என்றார்.

விரல் நுனியில் ஒரு குத்து. சிறு வெள்ளைப் பட்டையின் குழியில் ஒரு துளி ரத்தம், அதன்மேல் மருந்துத் துளிகள். பதினைந்து நிமிடம். செந்நிறம் மெல்லப் பட்டையின்மேல் ஏறுகிறது. ஒரு கோடு தெரிந்தால் சோதனை சரியாக நடந்தது என்று பொருள், இரண்டாவது கோடு தெரிந்தால் மலேரியா. ஒரு கோடு வந்தது. இரண்டாவது கோடு வரவேண்டிய இடத்தை, பார்வைக் குறைகளையே வாழ்நாளெல்லாம் அளந்த என் கண்கள், இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. வரவில்லை. மாலையில் மறுபடியும் குத்திப் பார்த்தார், அப்போதும் வரவில்லை.

காத்திருந்தபோது என் பக்கத்தில் ஓர் இளம் தாய், மடியில் துவண்ட குழந்தையோடு அமர்ந்திருந்தார். அவர்கள் பட்டையில் இரண்டு கோடும் வந்தன. அவர் அழவில்லை, பழகிய முகத்தோடு மருந்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். இதே ஏரிக்கரையில் சற்றுத் தெற்கே உள்ள ஹோமா பேயில்தான், குழந்தைகளுக்கான மலேரியாத் தடுப்பூசியைக் கென்யா 2019 செப்டம்பரில் முதலில் போடத் தொடங்கியது என்று ஆபீசர் சொன்னார். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது, இன்னும் போதவில்லை என்ற ஆதங்கமும் இருந்தது.

என்னைப் படுக்க வைத்து உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு கட்டிலையும் ஒரு செவிலியரின் அரை நாளையும் நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கட்டில் எங்களுக்காகப் போட்டதல்ல. கிண்டியில் வரிசையில் நின்றதும், வலையைத் தைத்ததும், தண்ணீரைக் கொதிக்க வைத்ததும் நம் உயிருக்காக மட்டும் செய்வதாக எண்ணியிருந்தேன், அந்தத் தாய் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறிற்று.

ஜூலை 11, வெள்ளி – கெரிச்சோ வழியாக நைரோபி

பகலிலேயே போய்ச் சேர வேண்டும் என்று விடிவதற்கு முன் கிளம்பினோம். இரவில் இந்தச் சாலையில் லாரிகளோடு போட்டி போடும் பேருந்துகளில் ஏறாதீர்கள் என்பது, நாங்கள் பேசிய ஒவ்வொருவரும் சொன்ன ஒரே அறிவுரை. ஓட்டுநர் அந்த ஸா சித்தா ஓட்டுநர்தான். ஐந்து மணி என்பதை விரலை மடக்கி, கைக்கடிகாரத்தைத் தொட்டு, இரண்டு கணக்கிலும் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கெரிச்சோ வந்ததும் குளிர். மலைச்சரிவெல்லாம் தேயிலை, வால்பாறையை யாரோ பெயர்த்து வைத்ததுபோல. ஊரில் பெரிய குருத்வாரா ஒன்று இருக்கிறது, வழிப்போக்கர் யாராக இருந்தாலும் உணவு உண்டு. காலணியைக் கழற்றி, தலையை மூடி, தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் தேநீரும் சாப்பிட்டோம். கிசுமுவரை இருப்புப்பாதை 1901இல் வந்து சேர்ந்தது. அதைப் போட இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் இரண்டாயிரத்துக்கும் மேலானவர்கள் இங்கேயே இறந்தார்கள். தடுப்பூசியும் வலையும் இல்லாமல் வந்தவர்கள் அவர்கள். அந்தத் தேநீரை நான் மெதுவாகக் குடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு – இந்தியா

விமான நிலையத்தில் சுகாதார மேசையில் மஞ்சள் அட்டையைக் கேட்டார்கள். தேதியையும் முத்திரையையும் பார்த்துத் திருப்பித் தந்தார்கள், அரை நிமிட வேலை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் அட்டை இல்லை. அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். வெளியே அவருடைய மனைவியும் மகளும் பூங்கொத்தோடு காத்திருப்பதாக அவர் சொல்லிக்கொண்டே போனார்.

ஆகஸ்ட் 9, சனி – மதுரை

இன்று காலை இட்லிக்குப் பிறகு, முழுக் குவளைத் தண்ணீரோடு கடைசி டாக்ஸிசைக்ளின். தங்கையும் அவள் வீட்டில் போட்டுக்கொண்டு படம் அனுப்பினாள். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால் ஏரிக்கரைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று இருவர் வீட்டிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

மதியம் க்ளினிக்கல் ஆபீசரிடமிருந்து குரல் செய்தி வந்தது. கண்ணாடிகள் நைரோபியிலிருந்து வந்துவிட்டன. பள்ளி விடுமுறை என்பதால் பெற்றோரோடு நிலையத்துக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையை மனப்பாடம் செய்த பையனின் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை, ஸா தாத்து. தாத்து என்றால் மூன்று. அங்கே காலை ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை.